கொடுவா ரிவோல்வரின் சத்தத்துக்கு எத்தனை புள்ளி?

துவக்கைக் கையால் தொட்டவர்கள் துவக்கைப் பற்றிப் பேசுவதில்லை. தொடாதவர்கள்தான் நாள் முழுக்கப் பேசுவார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போனவள். திருவிழாக் கடையில் விற்கும் பொம்மைத் துவக்கைக்கூடத் தொடாமல், ரிவோல்வர் செய்யும் கம்பனி ஒன்றையே கற்பனையில் நடத்தினேன். மாடல் மாடலாக இறக்கி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டேன். அந்தப் புள்ளிகளில் ஒன்றே ஒன்றைச் சரிபார்க்கப் போய், வெல்லாவெளியில் ஒரு வட்டை முழுவதையும் ஓடவைத்த கதை இது. (வட்டை என்றால் ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளையும் வயல்கள் எல்லாம் சேர்ந்த பெரும் பரப்பு. அதில் எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது ஆள் ஆளாகத் தெரியும்.)

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டுக் கல்லடியில் அம்மா அப்பாவுடன் இருந்தேன். எங்கள் பக்கத்தில் பட்டம் என்பது அரசாங்க வேலைக்குக் காத்திருப்பதற்குத் தரப்படும் அனுமதிச் சீட்டு. எனக்கோ பஸ்ஸுக்குக் காத்திருக்கவே பொறுமை கிடையாது. இன்டர்நெட்டில் துழாவித் துழாவி, வெளிநாட்டில் மேசை விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பனியில் தற்காலிக வேலை பிடித்துவிட்டேன்.

அவர்கள் தயாரிப்பது பாத்திரமேற்று விளையாடும் விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கள்ளனாக, ஒருத்தி வைத்தியராக, ஒருவர் கப்பல் தலைவனாக மாறி, வாயாலேயே கதையை நடத்துவார்கள். 'நான் மதில் ஏறிக் குதிக்கிறேன்' என்று சொன்னால் மட்டும் போதாது. தாயக்கட்டையை உருட்டவேண்டும். விழுந்த எண்ணையும் உங்கள் பாத்திரத்துக்கு உள்ள புள்ளியையும் கூட்டிப் பார்த்துத்தான், குதித்தீர்களா, காலை முறித்துக்கொண்டீர்களா என்று முடிவாகும். எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. வீரத்துக்குப் புள்ளி, பொய்க்குப் புள்ளி, செருப்புக்குக்கூடப் புள்ளி.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"சும்மா இருந்து கதை அளக்கிறதுக்கு வெள்ளக்காரன் சம்பளம் தாறானா?"

"தாறாங்க அம்மா."

"அப்படியெண்டா உங்கட அப்பா எப்பவோ கோடீஸ்வரன் புள்ள."

வேலை நிரந்தரமாக ஒரு பரீட்சை வைத்தார்கள். விளையாட்டில் வரும் கற்பனை நாட்டில் ரிவோல்வர் செய்யும் ஒரேயொரு கம்பனி இருக்கிறது. அதன் மாடல்களுக்கெல்லாம் பெயர் வைத்து, குணம் எழுதி, புள்ளி போட்டுக் கொடுக்கவேண்டும். கொடுத்தது பிடித்தால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் 'நன்றி, வணக்கம்'. அந்த நன்றி வணக்கத்துக்காக என் அம்மா ஆவலோடு காத்திருந்தார். லண்டன் மாப்பிள்ளை ஒருவரின் போட்டோ எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே தயாராக இருந்தது. மாப்பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். ஆனால் என் வாழ்க்கையை ஃப்ரிட்ஜுக்கு மேலே வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

கம்பனிக்கு 'வாவிக்கரை ஆயுதசாலை' என்று பெயர் சூட்டினேன். மாடல்களுக்கு எங்கள் வாவி மீன்களின் பெயர்களையே வைத்தேன். கைப்பைக்குள் ஒளிக்கக்கூடிய குட்டி ரிவோல்வர் மணலை. சேதம் இரண்டு, குறி ஐந்து, எடை ஒன்று. சேற்றுக்குள் விழுந்தாலும் வேலை செய்யும், ஆனால் நினைத்த நேரத்தில் சுடாது. அது உழுவை. எடுக்கிறவன் கையையே கிழிக்கும் கூரான விசை கொண்டது கெளுத்தி. எல்லாவற்றுக்கும் ராசா கொடுவா. சேதம் எட்டு, குறி மூன்று, எடை ஏழு, சத்தம் ஒன்பது. அதைத் தூக்கிச் சுடுகிறவன் அடுத்த நாள் வேலைக்குப் போகமாட்டான்.

புள்ளிகளைக் குத்துமதிப்பாகப் போட்டேன் என்று நினைக்காதீர்கள். குண்டு நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்க, இடியப்ப உரலுக்குள் கொட்டைப்பாக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுக் கை பழகினேன். (அன்றைக்குப் பின்னேரம் இடியப்பத்தில் பாக்கு வாசம் அடித்ததாக அப்பா சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.) எடை ஏழு என்றால் எப்படி இருக்கும் என்று அறிய, அம்மிக் குழவியை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தை நடந்து கடந்தேன். பாதிப் பாலத்தில் எதிரே வந்த என் பள்ளிக்கூட டீச்சர் என் இடுப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு வாவியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இவ்வளவு பாடுபட்டு அனுப்பியதை, என் மேலாளர் மார்த்தா ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து பிரித்து மேய்ந்தார். மார்த்தா நல்ல மனுசி. சிரித்த முகத்தோடுதான் கழுத்தை அறுப்பார்.

பெயர்கள் பிடித்திருக்கின்றன, எடை சரி, நிரப்பும் நேரம் சரி. "ஆனால் சத்தம்?" என்றார். "கொடுவாவுக்கு ஒன்பது போட்டிருக்கிறாய். ஒன்பது என்றால் என்ன? எவ்வளவு தூரம் கேட்கும்? கேட்டவன் என்ன செய்வான்? விளையாடுகிறவன் ஒரு வெடி வைத்தால் அதற்குப் பிறகு கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பது இந்தப் புள்ளியில்தான் இருக்கிறது. இதை மட்டும் நீ எங்கேயோ இருந்து கிள்ளிப் போட்டிருக்கிறாய். திங்கட்கிழமை காலைக்குள் சரியாக எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் நான் வேறு ஆளைப் பார்க்கவேண்டும்."

உண்மை. சத்தத்தை மட்டும் கிள்ளித்தான் போட்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போனேன்.

"அம்மா, துவக்குச் சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"எதுக்கு?"

"வேலைக்கு அம்மா. ஒண்டுக்கும் பத்துக்கும் இடையில மார்க்ஸ் போடோணும்."

"நாங்க அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ படுத்த ஆக்கள். உன்னையும் வயித்தில வெச்சுக்கொண்டு படுத்தனான். அதுக்கு நீ மார்க்ஸ் போடப் போறியா?" என்றார். பிறகு முன்னைவிட வேகமாகத் துருவத் தொடங்கினார். முன் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெல்ல எழும்பி, தண்ணீர் ஊற்றத் தேவையே இல்லாத தென்னைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

கேட்டிருக்கக் கூடாதுதான். இந்த ஊரில் துவக்குச் சத்தம் தெரிந்த யாரிடமும் அதைக் கேட்க முடியாது. கேட்க முடிந்தவர்களுக்கு அது தெரியாது. ஆனால் திங்கட்கிழமை வந்தே தீரும், ஃப்ரிட்ஜுக்கு மேலே போட்டோவும் இருக்கிறது. யாரையும் நோகடிக்காமல் நானே அளந்துகொள்கிறேன் என்று முடிவெடுத்தேன். துவக்கு இல்லாமல் துவக்கு மாதிரிச் சத்தம் போடுவது எது? அந்தக் கேள்விக்கு விடை, வெல்லாவெளியில் என் மாமாவின் வயல் குடிசையான வாடிக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. யானை வெடி.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வெல்லாவெளியில் வயல் செய்கிறார். அந்தப் பக்கம் வேளாண்மை விளைந்துவிட்டால் காட்டிலிருந்து யானை இறங்கும். அதை விரட்ட வயல்காரர்கள் கட்டைவிரலைவிடத் தடித்த ஒரு வெடியைக் கொளுத்திப் போடுவார்கள். சின்ன வயதில் மாமா வீட்டில் படுத்திருக்கும்போது இரவெல்லாம் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறேன். கொடுவா சுட்டால் நிச்சயம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் களுவாஞ்சிகுடிக்குப் போய், அங்கிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளியில் இறங்கினேன். வேளாண்மை வெட்டுக் காலம். வட்டை எங்கும் பொன் நிறத்தில் கதிர் சாய்ந்து கிடந்தது. வெகுநாளாகக் கேட்டுக் காத்திருந்த வெட்டு மெசின் அன்றைக்குத்தான் வட்டைக்குள் வந்திருந்தது. அது யாருடைய வயலில் முதலில் இறங்குவது என்று பிள்ளையார் கோயிலடியில் பஞ்சாயத்து நடந்தது. மாமாவும் அங்கேதான் போயிருந்தார். ஆக, வாடியில் யாரும் இல்லை. பிள்ளையாரே வழிவிட்டதாக நினைத்தேன். (பிள்ளையார் எப்போதும் எனக்கு இப்படித்தான் வழிவிடுவார்.)

தூரத்தில் நின்று கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மாமாவின் மகன் கோபி உழவு மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என்னைவிட ஒரு வயது இளையவன். முறைக்கு மச்சான் என்பதால் என்னோடு வாய்காட்டாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"கோபி, மோட்டச்சைக்கிள எடுத்துக்கொண்டு அங்கால குளத்து வான்கதவடியில போய் நில்லு. நான் இங்க ஒரு சத்தம் போடுவன். கேட்டா, ஒண்டுக்கும் பத்துக்கும் இடையில மார்க்ஸ் சொல்லு. போனக் கட் பண்ணாத."

"என்ன சத்தம் மச்சாள்? பாட்டுப் பாடப் போறியளா? அதுக்கெண்டா இப்பவே சொல்றன், ஒண்டு."

"என்ன சத்தமெண்டு சொன்னா நீ முன்னுக்கே காதத் தீட்டி வெச்சிருப்பாய். விஞ்ஞானத்துக்கு அது கூடாது."

"விஞ்ஞானமா? எனக்கு எண்ணெ விடுற சோலி கிடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

பகலில் செய்வது என்று நான் தீர்மானித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் என் பெருந்தன்மை உலகத்துக்குத் தெரியாமல் போய்விடும். இரவில் வெடித்தால் உழைத்துக் களைத்துப் படுத்திருக்கும் சனத்தின் நித்திரை கெடும். பகலில் என்றால் எல்லோரும் விழித்திருப்பார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை. கல்லடியில் வளர்ந்த பிள்ளையின் நாகரிகம் அது.

வட்டையில் விசயம் நேர் எதிர். இரவில் எல்லா வயலிலும் வெடி வெடித்துக்கொண்டேதான் இருக்கும். யாரும் புரண்டுகூடப் படுக்கமாட்டார்கள். பகலில் யானை காட்டுக்குள் நிழலில் நிற்கும், வெளியே வராது. அதனால் பகலில் யாரும் வெடிப்பதில்லை. அதையும் மீறி ஒற்றை வெடி கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: யானை வயலுக்குள் இறங்கிவிட்டது, மனிசர் யாரோ அகப்பட்டுக்கொண்டார்கள். கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் சத்தம் வந்த திசைக்கு ஓடி வரவேண்டும். வட்டையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விதி இது. பட்டதாரிக்குத் தெரியவில்லை.

வாய்க்கால் வரம்பில் ஒரு வெடியைக் குத்தி நிறுத்தி, மாமா பிள்ளையாருக்கு வைத்திருந்த ஊதுபத்தியால் திரியைப் பற்றவைத்தேன். ஒரு காதில் போன், மற்றக் காதில் விரல்.

வெடித்தது.

சத்தம் என்று அதைச் சொல்வது அதற்கு அவமரியாதை. நிலம் என் உள்ளங்காலில் அறைந்தது. நான் பின்பக்கமாகப் போய் வாய்க்காலுக்குள் மல்லாந்து விழுந்தேன். தலை முதல் கால் வரை சேறு. காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். வட்டையில் மேய்ந்த கொக்குகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வானத்தை வெள்ளையாக்கின. ஆனால் போனை மட்டும் கை விடவில்லை, சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். வேலை என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான்.

"கோபி! எத்தின?" என்று கத்தினேன்.

போனில் கோபியின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "ஐயோ! யானை! எங்கட வயல் பக்கம்! ஓடி வாங்கடா!"

"மார்க்ஸச் சொல்லுடா!"

மோட்டார் சைக்கிளை உறுமவிடும் சத்தம்தான் பதிலாக வந்தது.

நான் வாய்க்காலிலிருந்து ஏறி நிமிர்ந்தபோது வட்டையே அசைந்துகொண்டிருந்தது. கோயிலடியிலிருந்து ஒரு கூட்டம். களத்துமேட்டிலிருந்து ஒரு கூட்டம். தகரத்தைத் தட்டிக்கொண்டு பெண்கள், பொல்லும் தடியுமாக ஆண்கள், பெட்டி பூட்டிய உழவு மெசின்கள் இரண்டு, எல்லாம் என்னை நோக்கி வந்தன. நாலா பக்கமும் பதில் வெடிகள் வேறு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அந்த ஆண்டி பாவம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முதலில் வந்து சேர்ந்தவர் பூமணி அக்கா. மாமாவின் வயலுக்குக் கூலிக்கு வருகிறவர். சேற்றில் முக்கியெடுத்த என்னைப் பார்த்ததும் தகரத்தைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ என்ட புள்ள! யானை தூக்கி எறிஞ்சிட்டு!"

அவ்வளவுதான். நாலு பேர் என் கையைத் தூக்கிப் பார்த்தார்கள், இரண்டு பேர் காலை மடக்கிப் பார்த்தார்கள், ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். எனக்கோ காது சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் பேசியதில் பாதி வெறும் வாய் அசைவாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் பளிச்சென்று விளங்கியது: சத்தம் கேட்ட சாட்சிகள் அத்தனை பேரும் தேடிப் போகாமலே வந்து நிற்கிறார்கள்! தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று, கிட்ட நின்ற மனிதரின் சட்டையைப் பிடித்து அடித்தொண்டையில் கேட்டேன்.

"நீங்க எங்க நிண்டு கேட்டீங்க? சத்தத்துக்கு எத்தின மார்க்ஸ் போடுவீங்க?"

அவர் பூமணி அக்காவைப் பார்த்தார். "தலையில பட்டிட்டு போல கிடக்கு" என்று சொல்லியிருக்கவேண்டும், ஏனென்றால் உடனே என்னை அலாக்காகத் தூக்கி உழவு மெசின் பெட்டிக்குள் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு.

பெட்டி அசையத் தொடங்கும்போது கோபி வந்து சேர்ந்தான். வரம்பில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியைப் பார்த்தான். திறந்து கிடந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"யானை இல்ல" என்றான். "மச்சாள்தான்."

அதற்குள் மாமாவும், அவரோடு வட்டை விதானையும் வந்துவிட்டார்கள். வட்டை விதானை என்றால் அந்த வட்டையின் தண்ணீர், வேலி, வழக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு குடையை ஊன்றி நின்றார். என் காதும் மெல்லத் திறக்கத் தொடங்கியது, அந்த நேரம் பார்த்து.

"யானை எங்க?" என்றார்.

"யானை இல்ல ஐயா."

"அப்ப வெடி?"

"அது... ஒரு விளையாட்டுக்காக."

"விளையாட்டுக்காக" என்பதைவிட மோசமான சொல் தமிழில் அந்த இடத்தில் எனக்குக் கிடைத்திருக்காது. மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் இனி இந்த வட்டைக்குள்ள எப்படித் தல நிமிந்து நடக்கிறது மருமகள்?" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே விடாமல் சொன்னேன். மேசை விளையாட்டைச் சொன்னேன், தாயக்கட்டையைச் சொன்னேன், வாவிக்கரை ஆயுதசாலையைச் சொன்னேன்.

"கொடுவா எண்டா மீன்தானேகா?" என்றார் பூமணி அக்கா.

"ஓம் அக்கா. ஆனா இது துவக்கு. சத்தத்துக்கு ஒம்பது போட்டிருக்கன், அது சரியா எண்டு தெரியோணும். திங்கக்கிழம அனுப்பாட்டி எனக்கு வேல இல்ல. வேல இல்லாட்டி என்னப் புடிச்சு லண்டனுக்குக் கட்டிக் குடுத்துப்போடுவாங்க!"

விதானை குடையை மற்றக் கைக்கு மாற்றினார். கூட்டத்தில் யாரோ "அது நல்லதுதானே" என்றார்கள். பூமணி அக்காதான் பெட்டிக்குக் கிட்ட வந்து, முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தார்.

"புள்ள, உனக்கு ஒண்டு சொல்றன். இது துவக்குச் சத்தம் இல்ல."

"ஏன் அக்கா, காணாதா? இன்னும் கூடவா?"

"கூடக் குறையத் தெரியா. துவக்குச் சத்தம் எண்டா நாங்க மற்றப் பக்கமெல்லோ ஓடின நாங்க. இதுக்கு இஞ்சால ஓடி வந்திருக்கம்."

மாமா ஆமென்று தலையை ஆட்டினார். கட்டிலுக்குக் கீழே படுத்த அம்மா என் கண்முன் வந்தார். அத்தனை நாளும் நான் சத்தத்தை அளந்துகொண்டிருந்தேன். மார்த்தா கேட்டது அதை மட்டும் அல்ல, கேட்டவன் என்ன செய்வான் என்றும்தான்.

"சரி, இவ்வளவு தூரம் ஓடி வந்தாச்சு" என்று பூமணி அக்காவே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள கேக்கிறதச் சொல்லிப்போட்டுப் போவம்."

அதன்பிறகு என்னால் அவர்களை நிறுத்தமுடியவில்லை. களத்துமேட்டில் நின்றவர் எட்டு என்றார். கோயிலடியில் நின்றவர், தன் நெஞ்சு இன்னும் அடிக்கிறது, பத்துக்கு ஒரு புள்ளி குறையக் கூடாது என்று அடம்பிடித்தார். குளக்கட்டில் நின்ற ஒருவர் "எனக்குக் கேக்கவே இல்ல, நீங்க ஓடினீங்க எண்டு நானும் ஓடி வந்தன்" என்றார். விதானை, தான் ஓடவே இல்லை, சும்மா கொஞ்சம் வேகமாக நடந்ததாகப் பதியச் சொன்னார். அவரது ஒற்றைச் செருப்பு வாய்க்காலில் மிதந்துகொண்டிருந்தது.

தண்டனை இல்லாமல் விடவில்லை. ஓடி வந்த அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவேண்டும் என்றார் விதானை. இரண்டாவது தண்டனை அதைவிடக் கடினம். வெட்டு மெசின் டிரைவரைக் கீழே இறக்கவேண்டும். யானையே இல்லாத ஊரிலிருந்து வந்த மனிதர். சனம் "யானை! யானை!" என்று ஓடியதைக் கண்டதும் மெசினின் கூரைமேல் ஏறிப் படுத்துவிட்டார். மெசின் பாட்டுக்கு இரைந்துகொண்டு நின்றது. வெயில் சாயப் போகிறது, வட்டை முழுக்கக் கதிர் காத்திருக்கிறது.

"அண்ணே, யானை இல்ல, இறங்குங்க. நான்தான் வெடி வெச்சன்" என்று கீழே நின்று கெஞ்சினேன்.

சேறு பூசிய என்னை மேலேயிருந்து நன்றாகப் பார்த்தார். "அப்ப நீங்க முதல்ல அங்கால போங்க தங்கச்சி" என்றார். கடைசியில் கோபி தேத்தண்ணிக் கோப்பையை ஏணிப்படியில் வைத்துவிட்டு நகர்ந்தபிறகுதான் ஒரு கால் கீழே வந்தது.

பின்னேர பஸ்ஸில் காய்ந்த சேற்றோடு உட்கார்ந்து மார்த்தாவுக்கு எழுதினேன். சத்தத்துக்கு ஒரு எண் போதாது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஒருமுறை தாயக்கட்டையை உருட்டவேண்டும். கேட்டவர்கள் நம்மை நோக்கி வருவார்களா, நம்மைவிட்டு ஓடுவார்களா? அது வெடியில் இல்லை, அந்த ஊருக்கு முன்பு என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. நடந்ததையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. இரண்டே வரி. "வேலை உனக்குத்தான். அந்த டிரைவர் இறங்கிவிட்டாரா?"

பூமணி அக்கா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "அவ சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த போட்டோவை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அன்றைய பொய் வெடிக்குப் பிறகு வட்டையில் கூட்டம் போட்டு ஒரு புதிய விதி எழுதிவிட்டார்கள். பகலில் யானை வந்தால் இனி இரட்டை வெடி. ஒற்றை வெடி கேட்டால் யாரும் அசையத் தேவையில்லை. அதற்குப் பெயரும் வைத்தாயிற்று: 'ரஜிட வெடி'. (ரஜி நான்தான். முழுப் பெயர் ரஜிதா. வட்டையில் யாருக்கும் அது தெரியாது.)

போன வருட வெட்டுக் காலத்தில் ஒரு மத்தியானம் மாமா போன் எடுத்தார். குரல் மிகவும் தாழ்ந்து வந்தது.

"மருமகள், உன்ட விளையாட்டில வெடிச் சத்தத்துக்கு எத்தின வழி வெச்சிருக்காய்?"

"ரெண்டு மாமா. கேட்டவங்க வருவாங்க, இல்லாட்டி ஓடுவாங்க."

"மூண்டாவது ஒண்டிருக்கு, எழுதிக்கொள். ஒரு வெடி வெடிச்சிது. மற்றது ஈரம், பத்தேல்ல. பக்கத்து வயல்ல எல்லாரும் இருந்து தேத்தண்ணி குடிக்கிறாங்க. எனக்குக் கையக் காட்டிச் சிரிக்கிறாங்க."

"ஏன் மாமா இவ்வளவு மெதுவாக் கதைக்கிறீங்க?"

"நான் பரண்ல நிக்கிறன் மனே. கீழ யானை நிக்குது."

உடனே கோபிக்குப் போன் அடித்தேன். அவன் போய்ச் சனத்தைக் கிளப்புவதற்குள் யானை வாடிக்குள் இருந்த அரிசி மூட்டையை ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தன்பாட்டில் போயிற்று. மாமாவுக்கு ஒரு கீறலும் இல்லை. விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் மூன்றாவது வழியும் அச்சாகியிருக்கிறது: 'ஒருவரும் அசையமாட்டார்கள்.' எந்தெந்த நாட்டிலோ ஆட்கள் தாயக்கட்டையை உருட்டிவிட்டு அந்த வரியைப் பார்த்துத் தலையில் கைவைக்கிறார்களாம்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் புத்தகம் தேவையில்லை. சோறு ஆறுகிறது என்று குசினியிலிருந்து அம்மா கூப்பிடுவார். அப்பா பேப்பரில், நான் கம்ப்யூட்டரில், யாரும் எழும்பமாட்டோம். கொஞ்ச நேரம் பொறுத்து, அகப்பை சட்டியில் டங்கென்று படும்.

"என்ன, நான் கூப்பிட்டது ரஜிட வெடியா?"

முதலில் எழும்பி ஓடுவது நான்தான்.